பிரிக்கக் கூடாத கவர்

"நல்லதுதானே செஞ்சேன், அதுக்கு எதுக்கு இந்தக் குதி குதிக்கே?" காலையிலிருந்து என் வீட்டுக்காரர் வாயில் இதே வரி. நான் பெங்களூர் ரயிலைவிட்டு இறங்கி வந்து பையைக் கீழே வைக்கவில்லை, காலில் தண்ணீர் ஊற்றவில்லை, அதற்குள் ஒருதரம். நான் அந்தக் கவரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாயைத் திறந்தபோது ஒருதரம். கத்தி முடித்து, இனி கத்துவதற்கு ஒன்றுமில்லை என்று நின்றேனே, அப்போது அந்த அமைதிக்குப் பயந்து குரலைக் கொஞ்சம் இறக்கி இன்னொருதரம். நல்லதுதானே செஞ்சேன். இவர் எனக்குச் செய்த நல்லதுகளுக்குத் தனி அலமாரிதான் அடிக்கவேண்டும். மிக்ஸி இரைகிறதென்று அடியில் ரப்பர் ஷீட்டை ஒட்டி மோட்டார் புகைந்தது ஒரு நல்லது, மூக்குக்கண்ணாடியில் ஸ்க்ரூ முடுக்குகிறேன் என்று காதுக் கம்பியை ஒடித்தது ஒரு நல்லது, இப்போது இது. இதோ மடியில் கிடக்கிறது, ஹோட்டல் மெனு கார்டு மாதிரி வழவழவென்று. நான் படித்த கோயம்புத்தூர்க் கல்லூரி, என்னுடைய இரண்டு வருஷத்து மதிப்பெண்களைத் தேடி எடுத்து, கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய வாயின் மேல் முதல்வர் கையெழுத்தும் வட்ட சீலும் வைத்து அனுப்பிய டிரான்ஸ்கிரிப்ட். யாரும் பிரிக்கக் கூடாது. நானே பிரிக்கக் கூடாது. அப்படியே கொண்டுவந்து, இப்போது நான் சேர வந்திருக்கிற இந்தக் கல்லூரியில் கொடுக்கவேண்டும், இவர்கள்தான் பிரிக்கவேண்டும், இல்லையென்றால் அந்தத் தாளுக்கு மரியாதை இல்லை. நான் பெங்களூரில் மகள் பூரணிக்கு டெங்கு என்று கஞ்சி கரைத்துக்கொண்டிருந்த வாரத்தில் தபால்காரர் வந்திருக்கிறார், என் வீட்டுக்காரர் குற்றாலநாதன் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார், பிரித்திருக்கிறார், பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் பண்ணியிருக்கிறார். தாள்களை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. கவரையும். தனியாக, அழகாக, நாலு ஓரமும் வட்டமாக வெட்டி. ரேஷன் கார்டு, கரண்ட் அட்டை, பூரணியின் ஜாதகம், அவர் அப்பாவின் இறப்புச் சான்றிதழ், கேஸ் கம்பெனி போன் நம்பர் எழுதின துண்டுச் சீட்டு, எல்லாம் எங்கள் வீட்டில் பிளாஸ்டிக்குக்குள்தான் வாழ்கின்றன. லேமினேட் ஆகாமல் தப்பியது நானும் தோசைக்கல்லும். "மழத்தண்ணி பட்டா? செல்லரிச்சா? நான்லா யோசிச்சிருக்கேன்," என்றார். இன்று விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஐந்து மணிக்குக் கல்லூரி ஆபீஸ் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். எந்தக் கரையான் இன்று ஐந்து மணிக்குள் வந்து அரிக்கப்போகிறது?

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தது ஆபீஸ் கண்காணிப்பாளர் எஸ்தர் மேடம். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடக் குறைய, நெற்றியில் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இது என்னம்மா?" என்றார். டிரான்ஸ்கிரிப்ட் என்றேன். "அது தெரியுது. ஏன் ஆதார் கார்டு மாதிரி இருக்கு?" எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வேறு நாளாக இருந்தால் இந்தப் பெண்பிள்ளையும் நானும் சிநேகமாகியிருப்போம். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீல் உடையவில்லை என்பதுதான் வேடிக்கை. ஒட்டின வாய் ஒட்டினபடியே இருக்கிறது, முதல்வர் கையெழுத்து நடுவில் துளிக்கூடப் பிசகாமல் இருக்கிறது, கவரின் குறுகின பக்கத்தில் மட்டும் பிளேடால் ஒரு கீறல், ஸ்கேல் வைத்த மாதிரி. கீறலுக்குப் பக்கத்தில் நீல மையில் கு.நா. என்று ஒரு சுருக்கெழுத்து, கீழே தேதி. "யாரு இது, இனிஷியல் போட்டிருக்கது?" வீட்டுக்காரர் என்றேன். "அவங்க அதிகாரியா?" எங்க வீட்டுக்கு மட்டும் என்றேன், வாய் சும்மா இருக்குமா. எஸ்தர் மேடம் சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "பிரிச்ச கவர நான் வாங்க முடியாதும்மா. அதுவும் இது. நாங்க வாங்கினா எங்க சீல் வைக்கணும், பிளாஸ்டிக் மேல மை நிக்காது, பாத்துக்கிடுங்க," என்று ரப்பர் ஸ்டாம்பை எடுத்து ஓரத்தில் நிஜமாகவே ஒரு அழுத்து அழுத்திக் காட்டி, விரலால் துடைத்தார். போய்விட்டது. நான் நகரவில்லை. பின்னாலிருந்து யாரோ இடித்தும் நகரவில்லை. கான்வென்ட்டில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்று உண்டு, உபயோகமான ஒரே ஒன்று, முதுகை நிமிர்த்திக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றால் எதிரில் இருப்பவர் ஏதாவது செய்தே தீருவார். எஸ்தர் மேடம் பெருமூச்சு விட்டார். "பிரின்ஸ்பால்ட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கேன். சாப்பாட்டுக்கு அப்புறம். அங்க இருங்க." அங்கே என்றால் இந்த பெஞ்சு. ஆணி ஒன்று தலை தூக்கிக்கொண்டிருக்கிறது, இரண்டுதரம் புடவையைப் பிடித்து இழுத்துவிட்டது, தள்ளி உட்காரவும் முடியாது, அந்தப் பக்கம் ஒரு அப்பாவும் மகளும்.

கு.நா. அந்த இரண்டு எழுத்துதான். அதைப் பார்க்காமல் இருக்க முடிந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். அரசாங்க ஆபீஸில் டெண்டர் செக்‌ஷனில் இருந்தவர் இவர், சர்வீஸ் முழுக்க. சீல் வைத்த கவர்தான் இவருக்குச் சோறு. ராத்திரி சாப்பிடும்போது சொல்வார், டெண்டர் கவரை எப்படிப் பிரிக்கவேண்டும் என்று, நான் மோர் ஊற்றிக்கொண்டே கேட்பேன், கேட்காத மாதிரி கேட்பேன். ஒட்டின பக்கம் கையே வைக்கக் கூடாது, பக்கவாட்டில் பிளேடு, பிரித்தவன் அந்த இடத்திலேயே இனிஷியலும் தேதியும். நாளைக்கு எவனாவது கோர்ட்டுக்குப் போனால் சீல் அப்படியே இருக்கு பாருங்கன்னு காட்டலாம்லா? அப்படிச் சொன்னவர்தான். குறித்த தேதிக்கு ஒரு நாள் முன்னாடியே கவரைப் பிரித்து ஒருத்தன் சஸ்பெண்டான கதையை, பெயர் ஊரோடு, நூறு தடவை சொல்லியிருப்பார். அந்தக் கதையைச் சொன்ன ஆள் ஒரு கவரைப் பிரிக்கக் கூடாதென்று தெரியாமல் பிரித்தார் என்றால் மீன் தண்ணீரில் வழுக்கி விழுந்தது என்றும் நம்பலாம். நான் பிரிக்காதீங்க என்று சொன்னேனா? போனில், "ஏட்டி வடிவு, உன் கவர் வந்துட்டு, பத்திரமா வச்சிருக்கேன்," என்றார், பூரணிக்கு அப்போது காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது, பத்திரமா வைங்க என்று நானும் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். பிரிக்காதீங்க என்று சொல்லவில்லை. எதற்குச் சொல்லவேண்டும், டெண்டர் செக்‌ஷன்காரரிடம் போய்? கவரின் மேலேயே இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, இவருக்கு அவ்வளவு இங்கிலீஷ் வரும். வரும்தானே? வராவிட்டாலும் சீல் என்ன பாஷை? ஒருவேளை கைதான் செய்ததோ. மூளை தூங்கும்போது கை செய்யுமே, நான்கூட அவர் ஊரில் இல்லாத நாளில் இரண்டு டம்ளர் காபி ஆற்றிவிட்டு நின்றிருக்கிறேன். மேஜையில் ஒரு கவர், சீல் வைத்த கவர், ரிட்டயரான பிறகு கையில் வந்த முதல் கவர். பிளேடு எடுத்தார், கீறினார், இனிஷியல் போட்டார், தேதி போட்டார், பழைய நாள் திரும்பி வந்த மாதிரி இருந்திருக்கும், பாவம். பாவமா? பாவம் என்று ஒரு சொல் வந்துவிட்டதா எனக்குள், அதற்குள்ளாகவா? இல்லை. கைக்குத் தெரிந்தது மனுஷனுக்கும் தெரிந்திருக்கும். காலேஜில் சேரட்டுமா என்று கேட்டபோது என்ன சொன்னார்? "உனக்கு எது இஷ்டமோ." வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை, இந்தக் கல்யாணத்தில் எதற்குமே வேண்டாம் என்று சொன்னதில்லை, எது இஷ்டமோ என்று சொல்வார், அப்புறம் அந்தக் காரியம் எப்படியோ நடக்காமல் போகும். டைப்ரைட்டிங் போகாமல் போனது. பள்ளிக்கூட வேலை கிடைத்தும் போகாமல் போனது. யார்மேலும் குற்றம் இல்லாமல், ஒரு கைரேகைகூட இல்லாமல். இந்தத் தடவைதான் இனிஷியல் போட்டு மாட்டிக்கொண்டிருக்கிறார். அப்படித்தானே? அல்லது, நல்லதுதானே செஞ்சேன் என்றபோது அந்த முகம், குளித்துவிட்டு விபூதிகூட வைக்காத முகம், முழித்ததே, அது நிஜமாகவே தெரியாத முழியா?

"பிள்ளைக்கு அட்மிஷனாம்மா?" பக்கத்து அப்பா. மடியில் ஃபைல், ஃபைலுக்கு மேல் டிபன் பாக்ஸ் மூடி, மூடியில் ஊறுகாய். என் பிள்ளை வேலைக்குப் போயிட்டா, எனக்குத்தான் என்றேன். அந்த மனுஷன் என்னைப் பார்த்துவிட்டுத் தன் மகளைப் பார்த்தார், அவள் சீட்டை நான் பறித்துக்கொண்ட மாதிரி. அந்தப் பெண் எலுமிச்சை சாதத்தை ஸ்பூனால் தோண்டுவதை நிறுத்திவிட்டு, "எந்த டிபார்ட்மென்ட் ஆன்ட்டி?" இங்கிலீஷ் என்றேன். "நானும் இங்கிலீஷ்தான் ஆன்ட்டி! அப்ப ஒரே கிளாஸா?" கண் இப்படி விரிகிறது. இந்த வயதில் எதற்கெடுத்தாலும் விரியும், எனக்கும் விரிந்திருக்கும். சொன்னேன், நான் வேற காலேஜ்ல ரெண்டு வருஷம் முடிச்சவ, பாதியில நின்னவங்கள இங்க நேரா மூணாம் வருஷத்துல சேப்பாங்க, அந்தப் பழைய காலேஜ்லருந்து மார்க்கெல்லாம் சீல் வச்ச கவர்ல வந்தா. இந்தக் கவர வாங்கிக்கிட்டா நான் மூணாம் வருஷம். வாங்கலன்னா முதல்லருந்து, உன் பக்கத்து பெஞ்சு. "அப்ப வாங்கக் கூடாதுன்னு ஜெபம் பண்ணுதேன் ஆன்ட்டி," என்று சொல்லிச் சிரித்தாள். அப்பா, "ஏய், பெரியவங்கட்ட என்ன பேச்சு," என்று அதட்டினார். நானும் சிரித்தேன், பல் தெரிகிற அளவுக்கு. எனக்கு நல்லது நினைக்கிறவர்கள் எல்லாருமே ஏன் இப்படி ஒரே மாதிரி ஜெபம் பண்ணுகிறார்கள்? கவரை வாங்காவிட்டால் உன் பக்கத்து பெஞ்சு என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். நடக்குமா? ஒரு வருஷம் என்றால் பொறுத்துக்கொள்வார்கள், ஒரு வருஷம் என்பது முழங்கால் ஆபரேஷன் மாதிரி, வந்து விசாரித்துவிட்டுப் போவார்கள். மூன்று வருஷம் என்றால் அதற்குப் பெயர் வேறு. இவருக்கு மூன்று வருஷம் மத்தியானச் சோறு யார் போடுவது என்று முதலில் என் நாத்தனார் போன் பண்ணுவாள், அப்புறம் நானே எனக்குப் போன் பண்ணாத குறையாக அதையே கேட்டுக்கொள்வேன். முதல் வருஷம் என்றால் நான் வரமாட்டேன். அது எனக்குத் தெரியும். இன்று ஐந்து மணிக்கு இது முடிந்தால், முடிந்ததுதான்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது, வேறு நிறுவனங்களில் படித்த பாடங்கள் அனைத்தையும் குறிப்பிடுக, அத்தாட்சி இணைக்கவும் என்று. கோயம்புத்தூரை எழுதினபிறகும் கீழே மூன்று வரி காலியாகக் கிடந்தது. பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன், வேறு என்ன படித்தேன்? கேக் ஐசிங் ஒரு வாரம், சமுதாயக் கூடத்தில். இந்தி இரண்டு பரீட்சை. கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் கோர்ஸ் ஒன்று, பாதிவரை, மாமனாருக்குப் பக்கவாதம் வந்ததோடு அதற்கும் வந்தது. வாழ்க்கையே ஒரு பல்கலைக்கழகம் என்று எவளாவது மேடையில் சொன்னால் எழுந்துபோய்க் கேட்கவேண்டும், எங்கே, சீல் வைத்துக் கொடு பார்க்கலாம் என்று. காலியாகவே விட்டேன். கோயம்புத்தூர் மட்டும் போதும். மில் கணக்குப்பிள்ளையான அப்பா தகுதிக்கு மீறிக் கான்வென்ட்டில் சேர்த்து, அதே சிஸ்டர்களின் கல்லூரியில் ஹாஸ்டலிலும் போட்டு, மூன்றாம் வருஷம் ஃபீஸ் கட்டுகிற வாரத்தில் ஊர்ப்பக்கத்து மாப்பிள்ளை, அரசாங்க உத்தியோகம் என்று அழைத்துக்கொண்டு வந்தாரே, அதுவரைக்கும். அங்கே ஹாஸ்டலில் எங்களுக்கு வருகிற லெட்டர் எல்லாம் சிஸ்டர் பெனடிக்டா மேஜைக்குத்தான் முதலில் போகும். அவர் பிரித்து, படித்து, அப்புறம் கூப்பிட்டுக் கொடுப்பார், மடித்த இடம் மாறியிருக்கும், அப்பா ஒரு மாதிரி மடிப்பார், சிஸ்டர் வேறு மாதிரி. பிரித்த வாயோடுதான் எனக்கு லெட்டர் என்றால் என்னவென்றே தெரியும். கல்யாணத்துக்கு அப்புறம் மாமனார். என் தங்கை எழுதினதை, "உன் தங்கச்சிக்கு சளி பிடிச்சிருக்காம்," என்று முற்றத்தில் உரக்க அறிவித்துவிட்டுத்தான் என் கையில் தருவார், நான் படிக்கும்போது தங்கை ஏற்கெனவே குணமான மாதிரி இருக்கும். அதனால்தானோ என்னவோ, கோயம்புத்தூர் ஆபீஸில் இப்போது இருக்கிற சிஸ்டர், சின்னப் பெண், போனில், "மேம், கவர் உங்க பேருக்குத்தான் வரும், ஆனா நீங்களே பிரிக்கக் கூடாது," என்று சொன்னபோது எனக்குக் கோபமே வரவில்லை. ஒரு மாதிரி ருசியாக இருந்தது. யாரும் பிரிக்கக் கூடாதது ஒன்று என் பெயருக்கு வருகிறது. உள்ளே நான் இருக்கிறேன், பத்தொன்பது வயசு நான், எனக்கும் தெரியாமல் ஒட்டி வைத்த நான், என் மார்க்கெல்லாம் எனக்கே மறந்துபோச்சு, இருக்கட்டும், அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று. இப்போது பிளாஸ்டிக் வழியாக எல்லாம் தெரிகிறது. கவிதையில் அறுபத்தெட்டு. நாடகத்தில் எழுபத்தொன்று. துணைப்பாடம் இங்கிலாந்தின் சமூக வரலாறு, நாற்பத்தொன்று. நாற்பது எடுத்தால் பாஸ். இதை இவர் படித்திருக்கிறார். காலையில் சண்டைக்கு நடுவில், நான் மூச்சு வாங்கின இடைவெளியில், "இங்கிலாந்துக்காரனப் பத்திப் படிச்சு நாப்பத்தொண்ணா வடிவு?" என்றார், அப்போது ஒரு சிரிப்பு வந்தது அவருக்கு. கேலிச் சிரிப்பு என்றால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். அது வேறு சிரிப்பு. சுமையை இறக்கிவைத்தவன் சிரிப்பு. பேங்கில், ஆஸ்பத்திரியில், பூரணி பள்ளிக்கூடத்தில், நான் இங்கிலீஷில் பேசும்போதெல்லாம் ஒரு அடி பின்னால் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். நாற்பத்தொன்றைப் பார்த்த பிறகு எனக்குச் சமமாக வந்து நின்றார், சோபா பக்கத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. அதைப் பார்ப்பதற்காகத்தான் பிரித்தாரோ? சரி, பார்த்தீர்களல்லவா, போதுமா? இத்தனை வருஷம் பயந்தீர்களா என்ன? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே சொல்லியிருப்பேனே, எனக்கு அரசர்கள் பெயரும் வருஷமும் மண்டையில் நிற்காது என்று. சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்கமாட்டேன்.

லேமினேஷனின் மூலையை நகத்தால் கெல்லிக்கொண்டிருக்கிறேன், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. மேல் ஏடு கொஞ்சம் எழும்பியது. இழுத்தால் தாளும் சேர்ந்து தோல் மாதிரி வருகிறது. விட்டுவிட்டேன். வராந்தாவில் சாப்பாட்டு வாசனை, எங்கோ ஒரு மேஜை டிராயரை இழுத்துச் சாத்துகிறார்கள், மணி அடிக்கவில்லை, எஸ்தர் மேடத்தின் நாற்காலியில் துண்டு மட்டும் தொங்குகிறது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றவில்லை. வியர்வை கழுத்திலிருந்து இறங்கி ஜாக்கெட்டுக்குள் போகிறது. ராத்திரி ரயிலில் தூக்கமில்லை. ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது. காலையில் கவரைப் பார்த்தேனே, பார்த்த உடனே, கத்துவதற்கு முன்னால், கத்தலுக்கும் பார்த்ததற்கும் நடுவில் ஒரு நூல் அளவு இடம் இருந்தது, அந்த இடத்தில் எனக்கு என்ன வந்தது? கோபம் இல்லை. காய்ச்சல் இறங்குகிறபோது பூரணிக்கு நெற்றியில் பொடிப்பொடியாக வியர்க்குமே, அந்த மாதிரி. அப்பாடா. அப்பாடா என்றுதான் வந்தது. இனி போகவேண்டாம். பெயர் மறக்கிற இந்த மண்டையைத் தூக்கிக்கொண்டு இருபது வயசுகளுக்கு நடுவில் போய் உட்காரவேண்டாம், கேள்வி கேட்டால் விழிக்கவேண்டாம், ரிசல்ட் அன்று அந்த நாற்பத்தொன்று மறுபடியும் வருமா என்று வயிற்றைப் பிடித்துக்கொள்ளவேண்டாம், குற்றம் முழுக்க அவர்மேல், சாகும்வரைக்கும் சொல்லிக்காட்டலாம், என்னைப் படிக்கவிடாமல் பண்ணின மனுஷன் என்று. எவ்வளவு சௌகரியம். அதற்கு அப்புறம்தான் கத்தினேன், அவ்வளவு சத்தமாகக் கத்தினது அந்த அப்பாடாவை அமுக்கத்தான். அப்படியானால் அவர் பிளேடு என் மனசைத்தான் கீறியதா? எனக்கு வேண்டியதை எனக்கு முன்னால் கண்டுபிடித்துச் செய்துவிட்டாரா, நல்லதுதானே செஞ்சேன் என்பது நிஜமாகவே அதுதானா? சீ. இந்தப் புத்தி எங்கெல்லாம் போகிறது பார். அப்பாடா வந்ததென்றால் வரட்டும், வாசலோடு போகட்டும். அப்பாடா வந்தவள் ஏன் குளிக்காமல்கூட ஆட்டோ பிடித்து இங்கே வந்தாள்? வாங்கமாட்டேன் என்று சொன்ன ஜன்னலை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்? நான் அன்று கோயம்புத்தூரில் இங்கிலீஷ் நாடகம் ஒன்றை மூன்றாம் வருஷத்துக்கென்று முன்கூட்டியே பாதிவரை படித்து மூடி வைத்துவிட்டு வந்தவள். மிச்சத்தை அப்புறம் நானாகப் படிக்கவில்லை. கடையில் கிடைக்கிறது, பூரணி வாங்கித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். வகுப்பில் உட்கார்ந்து, யாராவது ஒருத்தி எழுந்து நின்று தப்பும் தவறுமாக வாசிக்க, டீச்சர் நிறுத்தி நிறுத்தித் திருத்த, அப்படித்தான் அது எனக்கு முடியவேண்டும். இது கிறுக்குத்தனம். தெரியும். இந்தக் கிறுக்குக்கு வேண்டி எனக்கு இந்த ஜன்னல் வேண்டும், இன்றைக்கு வேண்டும்.

"சண்முகவடிவு யாரு, வாங்க." எஸ்தர் மேடம், கை துடைத்துக்கொண்டே. எழுந்த வேகத்தில் ஆணி புடவையைக் கிழித்தது, சத்தம் கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. "பிரின்ஸ்பால்ட்ட பேசினேம்மா. கோயம்புத்தூருக்கு நாங்களே போன் போட்டோம். அவங்க ஆபீஸ் காப்பிய மெயில்ல அனுப்புதாங்க, அத வச்சு உங்க மார்க்க நாங்க சரிபாத்துக்கிடுவோம். ஆனா கவர் பிரிஞ்சிருக்குல்லா, அதுக்குப் பதில் வேணும். பிரிச்சவங்க நேர்ல வரணும். நான்தான் பிரிச்சேன், விண்ணப்பம் போட்டவங்களுக்கு இதுல சம்பந்தமில்ல, அவங்க ஊர்லயே இல்லன்னு கைப்பட எழுதி, என் முன்னாடி கையெழுத்துப் போடணும். அந்த கு.நா.வும் இதுவும் ஒண்ணுபோல இருக்கான்னு நான் பாக்கணும். அஞ்சு மணிக்குள்ள." அவ்வளவுதானா என்றேன். "அவ்வளவுதான்," என்றார், "ஒரு கையெழுத்துக்கு என்ன?" பாவம் எஸ்தர் மேடம். அவருக்கு என் வீட்டுக்காரரைத் தெரியாது. வாயால என்ன வேணும்னாலும் சொல்லிரு, எழுத்துல மட்டும் குடுத்துராத, இதுதான் அவர் சர்வீஸ் முழுக்கக் கும்பிட்ட சாமி. தப்பு செய்ததாக ஒரு வரி அவர் எழுதினதில்லை, ஆபீஸில் மெமோ வந்தபோதும், பைக்கில் ஒரு ஆட்டோவை இடித்தபோதும், நல்லதுதானே செஞ்சேன் என்கிறவர் எழுதுவாரா, நான்தான் பிரித்தேன் என்று? அதுவும் எனக்காக. அதுவும் எனக்கு இது நடக்கவேண்டும் என்பதற்காக. வராந்தா மூலைக்குப் போய்ப் போன் போட்டேன். மூன்று மணிக்கு அவர் டிவி முன்னால்தான் இருப்பார். எடுத்தார். டிவி சத்தம் குறைந்தது. "என்னட்டி, வாங்கிட்டாவளா?" அந்தக் குரலில் என்ன இருந்தது? நானும் காதை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். வாங்கியிருக்கவேண்டும் என்றா, வாங்கியிருக்கக் கூடாது என்றா, இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணி இது தெரியவில்லை எனக்கு. சொன்னேன். முழுதும் சொன்னேன், கத்தாமல், எஸ்தர் மேடம் சொன்ன அதே வார்த்தைகளில், கைப்பட, அவர் முன்னாடி, அஞ்சு மணிக்குள். போன் கட் ஆகவில்லை, மூச்சு கேட்கிறது, பக்கத்து வீட்டில் மாவாட்டுகிறார்கள். வாங்க என்றேன். வாங்க என்பது எனக்கு எப்போதும் உத்தரவாகத்தான் வரும், சாப்பிட வாங்க, பால் பொங்குது வாங்க, அதே மாதிரிதான் வந்தது. எனக்கே கேட்டது. திருத்திக்கொண்டு மறுபடி சொன்னேன், ஆட்டோக்காரருக்கு வழி தெரியும், காலேஜ் வாசல்னு சொன்னா போதும் என்று. டிவியை முழுக்க நிறுத்திவிட்டார். ஜன்னல் பக்கத்திலிருந்து அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பி நின்றுகொண்டேன், சுவரைப் பார்த்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு. "இருக்கீங்களா? நாப்பத்தொண்ணுதாங்க நான். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. எனக்காக ஒருதரம் இங்க வந்து, நான்தான் பிரிச்சேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுங்களேன்."